18 சதவீதம் என்ற எண் எதைச் சொல்கிறது? கொலோனோஸ்கோபியும் பெருங்குடல் புற்றுநோய்த் தடுப்பும்

கேள்வி – ஒஸ்லோவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் நோர்வேயில் வசிப்பவன். மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். இங்கே 2022 முதல், 55 வயதை எட்டியவர்களுக்கு அரசுத் திட்டத்தின் கீழ் மலப் பரிசோதனைக்கான உறை ஒன்று தபாலில் வருகிறது. உள்ளே விரலளவில் ஒரு குப்பி இருக்கும். அதன் மூடியோடு இணைந்த குச்சியின் நுனியில் மெல்லிய வரிப்பள்ளங்கள் இருக்கும். மலத்தில் சில இடங்களில் அந்த நுனியைப் பதித்து எடுத்து, குப்பிக்குள் திரும்பச் செருகித் தபாலில் அனுப்பிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், கேமரா பொருத்திய வளையும் குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்கு அழைப்பார்கள். எனக்கும் அந்த உறை வந்திருக்கிறது.

அனுப்பத் தேவையில்லை என்பது என் அத்தானின் வாதம். அவர் ஆதாரமாகக் காட்டுவது இங்கேயும் போலந்திலும் சுவீடனிலும் நடந்து, 2022 ஒக்டோபரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான நோர்டிக் ஆய்வை. கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் 10 ஆண்டுகளில் 0.98 சதவீதத்தினருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது, அழைக்கப்படாதவர்களில் 1.20 சதவீதத்தினருக்கு வந்தது. ஆக நோய் குறைந்தது 18 சதவீதம் மட்டுமே. அந்த நோயால் இறந்தவர்கள் 0.28, 0.31 சதவீதம், அந்த வேறுபாடு தற்செயலாகக்கூட இருக்கலாம் என்று ஆய்வே சொல்கிறது. எந்தக் காரணத்தாலும் நேர்ந்த மரணங்களை எடுத்தால் 11.03, 11.04 சதவீதம், வேறுபாடே இல்லை எனலாம்.

ஆனால் குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டிகளான பாலிப்புகளை அகற்றினால் புற்றுநோய் முக்கால் பங்குக்கும் மேலாகக் குறையும் என்று முன்பு பல இடங்களில் வாசித்திருக்கிறேன். முக்கால் பங்கு எங்கே, 18 சதவீதம் எங்கே? இரண்டும் ஒரே பரிசோதனையைப் பற்றியவைதானா? கொலோனோஸ்கோபியின் பலனே இவ்வளவுதான் என்றால், அதற்கு முன்படியாக இந்த மலப் பரிசோதனையைச் செய்வதில் என்ன பொருள்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1 – எண்ணாளன்

மருத்துவ ஆய்வுகளின் புள்ளியியல் என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் அத்தான் சொன்ன எண்கள் எல்லாம் சரியே. அவை எந்தக் கேள்விக்கான விடை என்பதில்தான் சிக்கல். நோர்டிக் ஆய்வில் 55 முதல் 64 வயது வரையிலான 84,585 பேரின் விவரங்கள் அலசப்பட்டன. அவர்களில் 28,220 பேருக்குக் குலுக்கல் முறையில் அழைப்பு அனுப்பினார்கள். மற்ற 56,365 பேருக்கு எதுவும் அனுப்பவில்லை. அழைப்புப் பெற்றவர்களில் பரிசோதனைக்கு உண்மையில் வந்தவர்கள் 11,843 பேர், அதாவது 42 சதவீதம். நார்வேயில் பத்தில் ஆறு பேர் வந்தார்கள். போலந்தில் மூன்றில் ஒருவர்தான் வந்தார். நீங்கள் குறிப்பிடும் 0.98 என்பது வந்தவர், வராதவர் இருவரையும் சேர்த்து, அழைக்கப்பட்ட அனைவரிடமும் கண்ட நோய் விகிதம். எனவே 18 சதவீதம் என்பது அழைப்புக் கடிதத்தின் பலன். ஒரு நாட்டின் சுகாதாரத் துறைக்கு அந்த எண்தான் வேண்டும். 455 பேரை அழைத்தால் பத்தாண்டுகளில் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். கருவி தன் குடலுக்குள் சென்றால் தனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கும் தனி மனிதருக்கு அது விடை ஆகாது.

அப்படியானால் வந்தவர்களை மட்டும் எடுத்து, அழைக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் கவனம் தேவை. அழைத்தவுடன் வருகிறவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை கொண்டவர்கள். புகைக்காதவர்களும் உடற்பயிற்சி செய்பவர்களும் அவர்களிடையே அதிகம். குலுக்கல் தந்த சமநிலையை நாமே கலைத்துவிட்டு, வந்தவர்களிடம் நோய் குறைவு என்று பரிசோதனைக்குப் பெருமை சேர்ப்பது சரியல்ல. ஆய்வாளர்கள் இந்த வேறுபாட்டை இயன்ற அளவு சரிசெய்து கணக்கிட்டபோது, நோய் 1.22 சதவீதத்திலிருந்து 0.84 ஆகவும், அந்நோயால் நேரும் மரணம் 0.30 சதவீதத்திலிருந்து 0.15 ஆகவும் குறைந்திருக்கும் என்று வந்தது. அதாவது முறையே 31, 50 சதவீதக் குறைவு. இதை எட்ட வேறு வழியும் உண்டு: அழைப்பால் குறைந்த 0.22 என்ற அளவு முழுவதும் வந்த 42 சதவீதத்தினரிடமே நிகழ்ந்தது என்று கொண்டு 0.22ஐ 0.42ஆல் வகுத்தால், குறைவு 0.52 என்று வரும். ஆய்வாளர்களின் கணக்கிலோ அது 0.38. இரண்டு நேர்மையான வழிகள் இரண்டு விடைகளைத் தருகின்றன என்பதிலிருந்தே, இந்த இரண்டாவது வகை எண்ணை எவ்வளவு பிடிமானத்தோடு சொல்லலாம் என்பது விளங்கும்.

நீங்கள் வாசித்த முக்கால் பங்கு 1993இல் வெளியான அமெரிக்கத் தேசியப் பாலிப் ஆய்விலிருந்து வந்தது. அதில் அடினோமா (பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகை) அகற்றப்பட்டவர்களிடம் நோய் 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்ததாகக் கண்டார்கள். ஆனால் அந்த 1,418 பேரையும் அதே ஆய்வுக்குள் குலுக்கிப் பிரித்த ஒரு குழுவோடு ஒப்பிடவில்லை. வேறு இடங்களிலிருந்தும் வேறு காலங்களிலிருந்தும் எடுத்த தரவுகளோடு ஒப்பிட்டார்கள். தொடக்கத்தில் குடல் முழுவதும் பார்த்துப் பாலிப்புகளை நீக்கி, புற்றுநோய் இல்லை என்று உறுதியானவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளில் நோய் குறைவாக வருவதில் வியப்பில்லை.

மொத்த மரணம் பற்றி ஒன்று. பத்தாண்டுகளில் நூற்றுக்குப் பதினொருவர் இறக்கும் ஒரு கூட்டத்தில், பெருங்குடல் புற்றுநோயால் இறப்பவர் 0.3 பேர். அந்த 0.3ஐப் பாதியாக்கினாலும் 11 என்ற எண்ணில் அது கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்ட இந்த ஆய்வைவிடப் பல மடங்கு பெரிய ஆய்வு வேண்டும். ஆகவே 11.03, 11.04 என்ற ஒப்பீடு பலன் உண்டு என்றும் காட்டவில்லை, இல்லை என்றும் காட்டவில்லை.

பதில் 2 – குடல்நோய் மருத்துவர், மதுரை

எண்ணாளன் சொன்னதோடு காலத்தையும் சேர்க்க வேண்டும். ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி இல்லாதவர்களைப் பரிசோதிப்பது, தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் அழைக்கப்பட்ட குழுவில் புற்றுநோய் *அதிகமாகவே* தெரியும். எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளே இருந்த நோயைப் பரிசோதனை வெளியே கொண்டுவருவதுதான் காரணம். நோர்டிக் ஆய்வில் முதல் பரிசோதனையிலேயே 62 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. வந்தவர்களில் சுமார் 31 சதவீதத்தினரிடம் அடினோமாக்கள் அகற்றப்பட்டன. அடினோமா புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அல்லது அதற்கு மேலும் ஆகும். எனவே இன்று அகற்றிய பாலிப்பின் பலன் பெரும்பாலும் பத்தாண்டுக்குப் பிறகே கணக்கில் சேரும். முதல் நாள் கண்ட புற்றுநோயோ உடனே கணக்கில் ஏறிவிடும். பத்தாம் ஆண்டில் கணக்கை முடிப்பது இந்தப் பரிசோதனைக்குப் பாதகமான இடத்தில் கோடு போடுவதாகும். மரணக் கணக்கு இன்னும் தாமதமாகத்தான் தெளிவாகும்.

அடுத்தது, நாங்கள் மருத்துவர்களே அதிகம் பேச விரும்பாத ஒன்று. கொலோனோஸ்கோபி என்பது எல்லாரிடமும் ஒரே மாதிரி வேலை செய்யும் மாத்திரை அன்று. செய்கிறவரின் கையையும் கண்ணையும் பொறுத்தது. வலப்பக்கப் பெருங்குடலில், மடிப்புகளின் பின்னால், குடலின் நிறத்திலேயே தட்டையாகப் படிந்து, மேலே சளிப்படலம் மூடிய பாலிப்புகள் உண்டு. நீர் பாய்ச்சிக் கழுவி, மடிப்பை ஒதுக்கி, கருவியை மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே தேடினால்தான் அவை அகப்படும். பெருங்குடலின் தொடக்கப் பகுதியான சீக்கம் வரை சென்று குடல்வால் துளையைக் கண்ட பிறகு, குறைந்தது 6 நிமிடமாவது பார்த்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்பது நெடுநாள் விதி. பேதி மருந்தை முதல் நாள் மாலை பாதியும் மறுநாள் காலை பாதியுமாகக் குடிக்கச் சொன்னால், காலைப் பங்கைக் குடிக்காமல் வருகிறவர்கள் எங்கள் மருத்துவமனையில் குறைவில்லை. அவர்களுடைய வலப்பக்கக் குடலில் மஞ்சள் குழம்பைத் தவிர எதுவும் தெரியாது. அப்படிப் பார்த்துவிட்டு ‘இயல்பாக உள்ளது’ என்று எழுதும் அறிக்கை நோயாளிக்கு ஆபத்தானது.

இதை அளக்க ஒரு வழி உண்டு. ஒரு மருத்துவர் செய்யும் ஸ்கிரீனிங் கொலோனோஸ்கோபிகளில் எத்தனை சதவீதத்தில் ஒரு அடினோமாவையாவது கண்டார் என்பதே அந்த அளவு. போலந்தில் 45,000க்கும் மேற்பட்டவர்களின் தரவைக் கொண்டு 2010இல் வெளியான ஆய்வு, இந்த அளவு 20 சதவீதத்துக்குக் கீழே உள்ள மருத்துவர்களிடம் பரிசோதித்துக்கொண்டவர்களுக்கு, அடுத்த பரிசோதனைக்கு முன்பே புற்றுநோய் வருவது மிக அதிகம் என்று காட்டியது. 2014இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வில், இந்த அளவு ஒரு சதவீதம் உயரும்போதெல்லாம் இப்படி இடைக்காலத்தில் வரும் புற்றுநோய் 3 சதவீதம் குறைந்தது. நோர்டிக் ஆய்வில் பங்கேற்ற மருத்துவர்களிலும் அப்போதைய குறைந்தபட்ச அளவான 25 சதவீதத்தை எட்டாதவர்கள் இருந்தார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் 2009இல் வெளியான ஆய்வைப் படித்தபோது எனக்கே சங்கடமாக இருந்தது: கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்களிடம் இடப்பக்கப் புற்றுநோயால் நேரும் மரணம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது, வலப்பக்கத்தில் ஏறக்குறைய எந்தக் குறைவும் இல்லை.

பதில் 3 – தேன்மொழி

மேலே இருவரும் சொன்னதில் ஒரு சாய்வு இருப்பதாக எனக்குப் படுகிறது. முடிவு நன்றாக வந்திருந்தால் ‘குலுக்கல் முறை ஆய்வு, மறுக்க முடியாது’ என்றிருப்பார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்ததும் காலம் போதாது, வந்தவர்கள் போதாது, மருத்துவர்களின் திறமை போதாது என்று காரணங்கள் தேடப்படுகின்றன. சரிசெய்த கணக்கின் 50 சதவீதத்தைச் செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போடுவதும் இதே மனநிலைதான். அந்த 50ஐச் சுற்றியுள்ள நிச்சயமின்மை மிகப் பெரியது; உண்மையான குறைவு 23 சதவீதமாகவும் இருக்கலாம், 73 சதவீதமாகவும் இருக்கலாம்.

இன்னொன்று: ஸ்கிரீனிங்கில் கண்டவர்கள் ஐந்தாண்டுக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் பலனுக்கு ஆதாரமாகச் சில மருத்துவமனைகள் விளம்பரம் செய்கின்றன. 67 வயதில் இறக்கப்போகும் ஒருவருக்கு நோயை 64இல் கண்டால் அவர் பிழைத்தது மூன்றாண்டு. அதே நோயை 60இல் கண்டால் ஏழாண்டு. இறந்தது அதே 67இல்தான். ஐந்தாண்டுக் கணக்கில் மட்டும் அவர் பிழைத்தவராகிவிடுவார். எத்தனை பேருக்கு நோயே வரவில்லை, எத்தனை பேர் அதனால் இறக்கவில்லை என்ற இரண்டைத் தவிர வேறு எதையும் பலனாக ஏற்கக்கூடாது. உங்களிடம் அப்படிப்பட்ட சான்று நோர்டிக் ஆய்வைத் தவிர வேறு உண்டா?

பதில் 4 – எண்ணாளன்

தேன்மொழி அவர்களின் கேள்வி நியாயமானது. ஐந்தாண்டுக் கணக்கைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு எழுத்தையும் மாற்றத் தேவையில்லை. சான்று உண்டு, என் பார்வையில் பாலிப்பை அகற்றுவது புற்றுநோயைத் தடுக்கிறது என்பதற்கு மிக வலுவான சான்று கொலோனோஸ்கோபியிலிருந்து வரவில்லை, அதன் குட்டைத் தம்பியான சிக்மாய்டோஸ்கோபியிலிருந்து வந்தது.

பிரிட்டனில் நடந்து 2010இல் வெளியான அந்த ஆய்வில் 55 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,70,000 பேர் இருந்தார்கள். அழைத்தால் வருவீர்களா என்று முதலிலேயே கேட்டு, வருவோம் என்றவர்களை மட்டும் எடுத்துக் குலுக்கினார்கள். இதனால் அழைக்கப்பட்டவர்களில் 71 சதவீதத்தினர் வந்தார்கள். இரு குழுவிலும் ஒரே மாதிரி மனப்பாங்கு உள்ளவர்களே இருந்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை இடப்பக்கக் குடலை மட்டும் பார்த்ததற்கு, நோய் 23 சதவீதமும் மரணம் 31 சதவீதமும் குறைந்தன. இது சரிசெய்யாத, அழைப்பின் கணக்கு. 17 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் பார்த்தபோது அந்தப் பலன் கரையவில்லை. 26, 30 சதவீதமாக நின்றது. இதில் எனக்கு மிகப் பிடித்த விவரம் வேறு: கருவி எட்டிய பகுதியில், வந்தவர்களிடம் நோய் பாதியாகக் குறைந்தது, எட்டாத வலப்பக்கத்தில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. வந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பது மட்டுமே காரணமாக இருந்திருந்தால், இரு பக்கமும் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும்.

மலப் பரிசோதனையிலும் இதே தடம் தெரிகிறது. 1996இல் வெளியான நாட்டிங்காம் ஆய்வும் டென்மார்க்கின் ஃபூனன் தீவு ஆய்வும், பழைய வகை மலப் பரிசோதனையை இரண்டாண்டுக்கு ஒருமுறை செய்ததில் மரணம் முறையே 15, 18 சதவீதம் குறைந்ததாகக் கண்டன. ஆனால் நோய் *வருவது* குறையவில்லை. அமெரிக்காவின் மினசோட்டா ஆய்விலோ ஆண்டுதோறும் செய்தவர்களிடம் மரணம் 33 சதவீதம் குறைந்ததோடு, பின்னர் நோயும் 20 சதவீதம் குறைந்தது. அங்கே மாதிரியை நீரில் நனைத்துச் சோதித்ததால், ரத்தம் இருப்பதாக வந்த முடிவுகள் மிக அதிகம். ஆண்டுதோறும் செய்த குழுவில் 38 சதவீதத்தினர் எப்படியோ ஒரு கொலோனோஸ்கோபிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலப் பரிசோதனை தானாக எதையும் தடுப்பதில்லை. அதைத் தொடர்ந்து எத்தனை பாலிப்புகள் வெட்டப்படுகின்றன என்பதைப் பொறுத்தே தடுப்பு அமைகிறது. இந்த விளைவு 30 ஆண்டுகள் கழித்தும் அளக்கப்பட்டது. மரணக் குறைவு 32 சதவீதமாகவே இருந்தது.

பதில் 5 – ஒஸ்லோவாசி

மிக்க நன்றி. அத்தானுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன். அவர் தேன்மொழி அவர்களின் பதிலை மட்டும் வாசித்துவிட்டு மகிழ்ச்சியாக இருக்கிறார். எனக்கு மீதமுள்ள ஐயம் இதுதான்: நேரடியாகக் கொலோனோஸ்கோபி செய்வதே தடுப்புக்கு வழி என்றால், அரசு ஏன் முதலில் மலப் பரிசோதனையை அனுப்புகிறது? இது செலவைக் குறைக்கும் ஏற்பாடு மட்டும்தானா?

பதில் 6 – குடல்நோய் மருத்துவர், மதுரை

செலவும் காரணம்தான், அதுவே முழுக் காரணம் அன்று. ஸ்பெயினில் இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். ஒரு முறை கொலோனோஸ்கோபிக்கு அழைத்தபோது 31.8 சதவீதத்தினர் வந்தார்கள். இப்போதைய வகை மலப் பரிசோதனையை இரண்டாண்டுக்கு ஒருமுறை அனுப்பியபோது 39.9 சதவீதத்தினர் பங்கேற்றார்கள். பத்தாண்டு முடிவு 2025இல் வெளியானது: பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் கொலோனோஸ்கோபிக் குழுவில் 0.22 சதவீதம், மலப் பரிசோதனைக் குழுவில் 0.24 சதவீதம். ஒரு முறைக்கு ஒரு முறை ஒப்பிட்டால் கொலோனோஸ்கோபி எவ்வளவோ நுட்பமானது. உங்களுக்கு வந்த வகைப் பரிசோதனை, அமெரிக்காவில் ஏறத்தாழ 10,000 பேரிடம் செய்த ஒப்பீட்டில், நூறு புற்றுநோய்களில் 74ஐக் கண்டது. முற்றிய நிலைப் பாலிப்புகளில் 24ஐத்தான் கண்டது. ஆனால் அதைத் தொடர்ந்து செய்கிறார்கள், அதிகம் பேர் செய்கிறார்கள். விட்டுப்போனது அடுத்த சுற்றிலோ அதற்கடுத்த சுற்றிலோ அகப்பட வாய்ப்புண்டு. ஒரே ஒரு முறை அனுப்பிவிட்டு ரத்தம் இல்லை என்று வந்ததும் அடுத்த உறையைக் குப்பையில் போடுகிறவருக்கு இந்தப் பலன் கிடைக்காது.

கடைசியாக இரண்டு செய்திகள். இவை யாவும் எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கானவை. மலத்தில் ரத்தத்தைக் கண்ணாலேயே பார்த்தவர்கள், காரணமின்றி இரும்புச்சத்து குறைந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இளவயதில் இந்நோய் வந்தவர்கள் ஆகியோர் குப்பியை அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. நேரே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றது, உங்கள் குப்பியில் ரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் ‘மூலமாக இருக்கும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். கலிபோர்னியாவில் எழுபதாயிரம் பேரிடம் பார்த்ததில், முடிவு வந்து பத்து மாதத்துக்கு மேல் கொலோனோஸ்கோபியைத் தாமதித்தவர்களிடம் புற்றுநோயும், முற்றிய நிலையும் அதிகம் காணப்பட்டன.

பதில் 7 – தேன்மொழி

சிக்மாய்டோஸ்கோபி பற்றிய எண்ணாளனின் சான்றை ஏற்கிறேன். இரு பக்கங்களுக்கும் இடையிலான அந்த வேறுபாட்டுக்கு என்னிடம் மாற்று விளக்கம் இல்லை. கொலோனோஸ்கோபி வலப்பக்கத்தில் எவ்வளவு தடுக்கிறது என்பது மட்டும் எனக்கு இன்னும் திறந்த கேள்விதான். நோர்டிக் ஆய்வின் 15ஆம் ஆண்டுக் கணக்கில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவர் சொன்னபடி காலம்தான் குறை என்றால், இரு குழுக்களுக்கும் இடையிலான இடைவெளி அதற்குள் தெளிவாக விரிந்திருக்க வேண்டும். விரியாவிட்டால் அந்தக் காரணத்தை அவரும் கைவிட வேண்டியிருக்கும்.

பதில் 8 – குடல்நோய் மருத்துவர், மதுரை

ஒப்புக்கொள்கிறேன். கைவிடுவேன்.